சாலமனின் இடது கால் பேண்ட்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பேரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "அண்ணே, பழைய வண்டி. தண்ணி கொறஞ்சினே வருது. வெளிய ஒரு சொட்டு ஒழுகல. ஹெட் கேஸ்கெட் தான்ணே, கன்ஃபார்ம். காலைல கழட்டிடறேன்."

அந்த 'கன்ஃபார்ம்' காதில் விழுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எச்சில் கையோடு ஃபோன் போட்டு, "ஸ்பானரைக் கீழ வெச்சிட்டு டீ குடிக்கப் போ, நான் எழுதி அனுப்பறேன்" என்றேன். நான் ஏதோ தொழில் ரகசியம் சொல்லப் போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். ரகசியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் மூக்கை உடைத்துக்கொண்ட கதை தான். ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும், ஐ.டி.ஐ. முடித்து வந்திருக்கும் தங்கைகள் இரண்டு பேரும் சேர்ந்தே படியுங்கள். எந்த போல்ட்டை முதலில் கழட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்களுக்கு ஃபோனே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் லாரி ஷெட்டில் நான் மேஸ்திரியாக இருந்தேன். எங்கள் வண்டிகள் சென்னை தோல் மண்டியிலிருந்து உப்புத் தோல் ஏற்றி வரும். அந்த வண்டிக்குப் பின்னால் நீங்கள் பைக்கில் போயிருந்தால் நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. போகாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். வருடக்கணக்காக அந்த வாசனையிலேயே கிடந்த எங்களுக்கு மூக்கு இருந்தது கண்ணாடி மாட்டிக்கொள்வதற்கு மட்டும் தான். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்தால், ஏதோ ஈரம் பட்டது என்று தான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். தோல் வண்டி எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கிச் சொட்டும். லோடுமேன்கள் ஈரமான கம்பூட்டோடு கேபினில் ஏறி உட்காருவார்கள், அதனால் கால்மிதி எப்போதும் சொதசொதவென்று இருக்கும். வண்டிக்கடியில் ஈரத்தைப் பார்த்து ஒருவன் பதறினால் அவன் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம். "தோல் வண்டின்னா சொட்டத் தான் சொட்டும்" என்று சொல்லிச் சிரிப்போம். ரொம்பச் சந்தேகம் வந்தால் விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைப்போம். கரித்தால் தோல் தண்ணீர், விசாரணை முடிந்தது. உவ்வே என்கிறீர்களா? சரி தான், உவ்வே தான். ஆனால் எங்கள் லேபரட்டரி அவ்வளவு தான்.

இப்படிப்பட்ட ஷெட்டுக்கு முதலாளி ஒரு பழைய லாரியை வாங்கி அனுப்பினார். வடக்கே மலைப் பாதையில் ஓடிய வண்டி. இன்ஜின் நன்றாக இருந்தது. கேபினில் ஏறிப் பார்த்தால் டேஷ்போர்டில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட ஒரு லீவர். ஹீட்டர்! குளிருக்கு இதமாகச் சூடு காற்று வரும் ஏற்பாடு. வேலூர் ஜில்லாவில்! சித்திரை வெயிலில் ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடிக்கிற ஊரில்! ஷெட்டே கூடிச் சிரித்தது. நான் லீவரை நீலப் பக்கம் தள்ளிவிட்டு, "இத்தோட இதுக்கு சமாதி கட்டியாச்சு" என்றேன். அந்த லீவருக்கும் உள்ளே இருக்கும் வால்வுக்கும் நடுவில் இருந்த கம்பி எப்போதோ அறுந்து போயிருந்தது என்பது எனக்குத் தெரியாது. சமாதிக்குள் ஆள் உயிரோடு இருந்தான்.

வண்டியைச் சாலமன் கையில் கொடுத்தார்கள். ஐம்பத்துநாலு வயது, ஒல்லி ஆள். குடி கிடையாது, கோபம் கிடையாது, பேச்சும் ஏறக்குறைய கிடையாது. பேசினால் வண்டியைப் பற்றித் தான் பேசுவார். அந்த லீவரில் அவர் டிபன் பையை மாட்டிக்கொண்டார். நல்ல பிடிமானமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் விரிஞ்சிபுரம் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. சாலமன் ஓரங்கட்டி, இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, பக்கத்து வயலின் பம்ப் செட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் பார்த்தேன். ஒழுகல் எங்கும் தெரியவில்லை: ஹோஸ் காய்ந்திருந்தது, ரேடியேட்டர் காய்ந்திருந்தது, வாட்டர் பம்ப் காய்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றி, இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் நிரப்பி அனுப்பினேன்.

அடுத்த முறை அது கொதித்து நின்ற இடம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு அடங்காது. ஆம்பூருக்குள், பகல் ஒரு மணிக்கு, ஒரு பிரியாணிக் கடை வாசலில். உள்ளே முழு லோடு உப்புத் தோல். கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். ஐந்து நிமிடத்தில் உட்கார மட்டுமல்ல, படுக்கவே இடம் இருந்தது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து, "யோவ், உனக்குப் புண்ணியமா போவும், எடுய்யா வண்டிய!" என்று கத்தினார். சாலமன் பானெட்டைக் காட்டி, "ஆறணும் பாய்" என்று மட்டும் சொன்னார். கடைசியில் கடை ஆட்களே, மாஸ்டர் உட்பட, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு லாரியை இருநூறு அடி தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளிய இடத்தில் இன்னொரு பிரியாணிக் கடை இருந்தது. பிறகு நடந்ததை நான் எழுதவில்லை.

அன்று சாயங்காலம் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் நஜீர் பாய் என்னைக் கூப்பிட்டார். "ஏழுமலை, ஊரே ஃபோன் பண்ணுது. பேஜாரா போச்சு. இன்னா வியாதி அதுக்கு?"

இங்கே தான் கவனிக்க வேண்டும். எனக்கு என்ன வியாதி என்று தெரியாது. "தெரியல பாய், ரெண்டு நாள் குடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு சுளுக்கிக்கொண்டா இருந்தது? ஆனால் சுற்றி ஆறு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். மேஸ்திரிக்குத் தெரியவில்லை என்றால் எப்படி? "ஹெட் கேஸ்கெட், பாய். கன்ஃபார்ம்" என்றேன். அந்தச் சொல்லை நான் தான் இந்த வட்டாரத்தில் கண்டுபிடித்தவன் போல அவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன்.

கழட்டும் முன் பிரஷர் டெஸ்டரை மாட்டி நாலு பம்ப் அடித்துப் பார்த்தது உண்மை. முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். முள் நின்றது. நின்றதா என்று ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு டீ வந்துவிட்டது, நான் டீயைப் பார்த்தேன்.

அப்போது சாலமன் பக்கத்தில் வந்து, "மேஸ்திரி, கண்ணாடி உள்பக்கம் பனி மாதிரி படியுது. தொட்டா பிசுபிசுன்னு கீது. தொடைக்கத் தொடைக்க வருது" என்றார்.

"தினம் பார்சல் பிரியாணிய வெச்சிக்கினு வந்தா ஆவி அடிக்காம இன்னா பண்ணும்? சாப்பிட்டுட்டு கைய கழுவிட்டு கண்ணாடியத் தொடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சாலமன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வண்டியோடு நாள் முழுக்க இருக்கிற மனிதன் வியாதியை என் கையில் கொண்டுவந்து கொடுத்தான். நான் அதை வைத்து ஜோக் அடித்தேன்.

மூன்று நாள். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கினோம். அதற்கடியில் இருக்கும் கேஸ்கெட் தகட்டைப் பார்த்தால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கடையில் வாங்கி வந்தது மாதிரி இருந்தது. ஹெட்டும் பழுதில்லை. ஒரு கீறல் தெரியாதா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். வியாதி இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட ஒரே டாக்டர் நானாகத் தான் இருப்பேன். வேறு வழியில்லாமல் புது கேஸ்கெட் போட்டு மூடி, "இப்ப பாருங்க" என்று அனுப்பினேன். பார்த்தோம். நாலாம் நாள் வாலாஜா பக்கத்தில் கொதித்து நின்றது. இந்த முறை பொழுது சாயும் வரை வெயிலில் கிடந்த தோலில் பாதி வீணாகிவிட்டது.

நஜீர் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். "முதலாளி கேக்கறார். கேள்வி ஒண்ணே ஒண்ணு தான். வண்டியா, ஆளா? எழுதிக் குடு."

வண்டி என்று எழுதினால், மூன்று நாள் கழட்டிப் போட்டு என்ன கிழித்தாய் என்று அடுத்த கேள்வி வரும். ஆள் என்று எழுதினால் எந்தக் கேள்வியும் வராது. நான் எழுதினேன்: 'வண்டியில் குறை இல்லை. ஓட்டுநர் தினமும் தண்ணீர் பார்ப்பதில்லை.' கீழே கையெழுத்து. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாலமனிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை வாணியம்பாடியிலிருந்து வேறு டிரைவர் வருவதாக ஏற்பாடு. அவர் என்னிடம் வந்து நின்றார். "மேஸ்திரி, தினம் பாத்தேன். தினம் ஊத்தினேன். அது எங்க போவுதுன்னு தான் தெரியல."

"தண்ணிக்கு றெக்கையா மொளச்சிருக்குது, பறந்து போவ?" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு தான் அப்படிக் குத்தலாகப் பேசும். அவர் டிபன் பையை லீவரிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்து போனார். ஐம்பத்துநாலு வயதில், சர்க்கரை வியாதியோடு, 'தண்ணீர் பார்க்காத டிரைவர்' என்ற பெயரோடு போகிறவனுக்கு இந்த வட்டாரத்தில் எவன் சாவி கொடுப்பான்? அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை மதியம். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். ஓர் அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்து, என் மேஜை மேல் ஒரு காக்கி பேண்டைப் பொத்தென்று போட்டார். சாலமனின் மனைவி எஸ்தர். ஸ்டேஷன் பக்கத்து ஸ்வீட் கடையில் மக்கன் பேடா உருட்டும் வேலை. நியாயம் கேட்க வந்திருக்கிறாள், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"மேஸ்திரி, உங்க கிட்ட தான் கேக்கணும். உங்க பேச்சைத் தான் அவரு கேப்பாரு. இது இன்னா?"

"பேண்ட்டும்மா."

"அது எனக்குத் தெரியாதா? தொட்டுப் பாருங்க."

தொட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது.

"ரெண்டு வாரமா இதே ரோதனை. சோப்பு போட்டா வழுக்கிக்கினு போவுது. மோந்து பாத்தா இனிப்பு வாசனை. நான் பதினெட்டு வருசமா பாகு காய்ச்சற கடைல கீறேன், எனக்கே டிமிக்கி குடுக்கறாரா? ஊட்ல ஒரு பேடா கண்ணுல காட்டறது இல்ல நான். வெளிய எங்கனா ஜிலேபியும் சர்பத்துமா வெளுத்து வாங்கறாரு. கேட்டா, பைபிள் மேல கை வெச்சி சத்தியம் பண்றாரு! பொய் சத்தியம் வேற!"

வேலை போன விஷயம் இந்த அம்மாவுக்குத் தெரியாது என்று அப்போது தான் எனக்குப் புரிந்தது. "சாலமன் எங்கம்மா?" என்றேன்.

"இன்னா இப்படி கேக்கறீங்க? காலைல டிபன் தூக்கினு டூட்டிக்குத் தான வந்தாரு?"

"ஆமா, ஆமா. லோடுக்குப் போயிருக்காரு" என்றேன். வாய் தானாகப் பொய் சொன்னது. பொய்க்கு அந்த வாரம் எனக்கு நல்ல பழக்கம்.

"வரட்டும். இத அவரு மூஞ்சிக்கு நேரா காட்டிக் கேளுங்க. சக்கரை ஜாஸ்தியாகி கண்ணு போச்சின்னா வண்டி ஓட்ட முடியுமா? வண்டி இல்லன்னா அந்த மனுசன் ஒரு மாசம் தாங்க மாட்டாரு மேஸ்திரி. எனக்கு அதான் பயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

நானும் பேண்டும் தனியாக இருந்தோம். அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை. மடித்து வைக்கலாம் என்று விரித்தபோது தான் பார்த்தேன். வலது கால் சுத்தமாக இருந்தது. இடது காலில் மட்டும், அதுவும் முழங்காலுக்குக் கீழே மட்டும், பச்சையாகக் கறை. ஒரு மனிதன் ஜிலேபியை வாயால் தின்றால் சட்டையில் சிந்தும், மடியில் சிந்தும். இடது முழங்காலுக்குக் கீழே மட்டும் குறி பார்த்து எப்படிச் சிந்துவான்? கிளட்ச் மிதிக்கிற கால் அது.

ஓடிப் போய் கேபினில் ஏறினேன். கால்மிதியைத் தூக்கினேன். அடியில் இருந்த ஃபோம் பிழியப் பிழியத் தண்ணீர். வழக்கம் போல விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. இனித்தது. துப்பிவிட்டு ஓடிப் போய் வாய் கொப்பளித்தேன். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நீங்கள் யாரும் சாகும் வரை இந்த வேலையைச் செய்யக் கூடாது, சீக்கிரம் சாக வேண்டுமானால் தவிர. தொட்டுப் பார்த்தால் கையைக் கழுவுங்கள், அவ்வளவு தான்.

ஷெட்டில் இருந்த மாற்றுச் சாவியைப் போட்டு இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, பிரஷர் டெஸ்டரை மறுபடி மாட்டினேன். பம்ப் அடித்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். டீக்காரர் வந்தார், வேண்டாம் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். முள் மெல்ல மெல்ல இறங்கியது. கேபினில் டேஷ்போர்டுக்கு அடியில் டப், டப் என்று சத்தம். உள்ளே இருந்த ஹீட்டர் கோர், அது ஒரு சின்ன ரேடியேட்டர் போல இருக்கும், ஓரத்தில் இற்றுப் போய் அழுதுகொண்டிருந்தது. மூடிவிட்டோம் என்று நான் நினைத்த வால்வு முழுசாகத் திறந்திருந்தது. இன்ஜின் சூடாகி பிரஷர் ஏறினால் தான் ஒழுகும், ஷெட்டில் ஆறிப்போய் நின்றால் காய்ந்திருக்கும். ஆவி கண்ணாடியில் பனியாகப் படிந்தது. சொட்டு கால்மிதியில் இறங்கியது. அங்கே ஈரம் இருந்தால் நாங்கள் தான் கம்பூட் என்று சொல்லிவிடுவோமே. வாசனை வந்தால் பிடிக்க எங்களுக்கு மூக்கு இல்லையே. வேறு எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, கேபினுக்குள் குளத்தையே வைத்துக்கொண்டு நான் ஹெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு துண்டு பைப்பும் இரண்டு கிளிப்பும் போட்டு ஒன்றோடு ஒன்று சேர்த்தேன். இருபது நிமிட வேலை. முள் அசையவில்லை. இந்த முறை கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன்.

இனிமேல் தான் தம்பி, தங்கைகளே, நிஜமான சோதனை. ஷெட்டில் யாரும் இல்லை. பார்த்தவர்கள் யாரும் இல்லை. இருபது நிமிட வேலையை வெளியே சொல்லாமல் விட்டால், திங்கட்கிழமை புது டிரைவர் வண்டி எடுப்பான், வண்டி கொதிக்காது. 'பாத்தீங்களா பாய், ஆளு தான் சரியில்ல, நான் அப்பவே சொன்னேன்' என்று நான் மீசையை முறுக்கலாம். என் கடிதம் உண்மையாகவே ஆகிவிடும். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைச் சுவைத்துக்கூடப் பார்த்தேன். ஆனால் எதிரே மேஜை மேல் அந்த பேண்ட் கிடந்தது. 'எனக்கு அதான் பயம்' என்று அந்த அம்மா சொன்னது காதை விட்டுப் போகவில்லை. ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

நஜீர் பாய் ரூமுக்குப் போய், "வண்டி தான் பாய், ஆளு இல்ல. ஹீட்டர் ஒழுகுது" என்றேன்.

"இன்னாது?"

"ஹீட்டர்."

"நம்ம ஊர்லயா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. டிராயரைத் திறந்து என் கடிதத்தை எடுத்துப் படித்தார். "அப்ப இது?"

"எம் மேல தப்பு வரக் கூடாதுன்னு எழுதினேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருவது வருசமா நீ எழுதிக் குடுத்தா நான் படிக்காம கையெழுத்து போட்டிருக்கேன் ஏழுமலை. இத நான் கிழிக்க மாட்டேன். நீயே எடுத்துக்கினு போ, அவன் எதிர்ல நீயே கிழி. சாவி இந்தா."

போகும் வழியில் யார்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்த டிரைவர்களிடமும் நின்று சொன்னேன். ஒருவர், "அப்ப பிரியாணி மேல எந்த தப்பும் இல்லையா மேஸ்திரி?" என்று கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது.

வேலை போனதை வீட்டில் சொல்லாதவன் ஆம்பூரில் எங்கே உட்காருவான்? ஸ்டேஷனில் தான். இரண்டாம் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் சாலமன் இருந்தார். பக்கத்தில் டிபன் பை, திறக்காமல். நான் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சாவியை அவர் கையில் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கோணம் பக்கம் போகும் ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதீங்க மேஸ்திரி. பின்பக்கம் காலியா தான கீது?"

"ஆமா. எதுக்கு?"

"எஸ்தருக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் ஸ்வீட் துன்னலன்னு." சாவியை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார். "வேலைன்னா எங்கனா அலஞ்சி பாத்துக்கலாம். ரெண்டு வாரமா ஊட்ல பாக்கெட்டத் தடவிப் பாத்துட்டு தான் உள்ள வுடறா. வாய ஊதச் சொல்றா. நான் சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க மேஸ்திரி."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பக்கத்தில் எழுதியிருந்ததைக் குறுக்காக இரண்டு கோடு போட்டு அடித்தேன். பின்பக்கத்தில் எழுதினேன்: 'திரு. சாலமன் அவர்கள் இனிப்பு எதுவும் உண்ணவில்லை. அவர் பேண்ட்டில் இருப்பது வண்டியின் ஹீட்டரிலிருந்து ஒழுகிய கூலன்ட். வண்டியைச் சோதித்துப் பார்த்து உறுதி செய்தேன்.' கீழே கையெழுத்து. சாலமன் இரண்டு முறை படித்துப் பார்த்து, "நீங்களும் கூட வாங்க. தனியா போனா, நானே எழுதிக்கினேன்னு சொல்லுவா" என்றார்.

கடை முடிந்து வந்த எஸ்தர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்து, பிறகு கோணி, கடைசியில் கணவரின் தோளில் ஒரு தட்டு தட்டினார். "இத வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?" என்றார். சொன்னேனே என்று சாலமன் முனகியதை அவர் காதில் வாங்கவில்லை. எனக்கு ஒரு டப்பாவில் பேடா கொண்டுவந்து நீட்டினார். சாலமன் கை வைத்ததும் டப்பாவை மூடினார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

தாளை மடிக்கும்போது தான் அந்த அம்மா மறுபக்கத்தைப் பார்த்தார். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. மெதுவாகப் படித்தார். சாவியைப் பார்த்தார், திறக்காத டிபன் பையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் பாதி பேடா இருந்தது.

எஸ்தர் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, என் முன்னால் நீட்டினார்.

"ரெண்டு பக்கமும் உங்க கையெழுத்து தான் மேஸ்திரி. இதுல எந்தப் பக்கம் வண்டியப் பாத்துட்டு எழுதினது?"

"பின்பக்கம்மா" என்றேன்.